மிரரை உடைக்கும் சனிக்கிழமை

சென்ற திங்கள் இப்பகுதி வெளியான பின்னர், அல்சூரில் வாழும் அம்மையார் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. பால் கணக்கு எழுதும் நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்களில் நுணுக்கி நுணுக்கி எழுதப்பட்ட கடிதம். அம்மையாரின் ஒரே மகன் இந்நகரத்துக் கம்ப்யூட்டர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் ஒரு சனிக்கிழமை மாலை வந்திருந்தனர். சொஜ்ஜியும் பஜ்ஜியும் முடிந்து, பேச்சு நல்ல நிலையை அடைந்திருந்த வேளையில் மகனுடைய தொலைபேசி ஒலித்தது. அவர் சன்னலருகே சென்று நின்றுகொண்டு, கூடத்தில் இருந்தோர் அனைவருடைய செவியிலும் விழும்படி, "இன்றிரவு பதினொன்றரைக்கு மிரரை உடைத்துவிடுகிறேன்; புதன்கிழமை ஒட்டிக்கொள்ளலாம்" என்று சொன்னாராம்.

மிரர் என்றால் கண்ணாடி என்பது பெண்ணின் தாய்மாமனுக்குத் தெரியும். அவர் முகம் கறுத்துவிட்டது. நல்ல காரியம் பேசும் இடத்தில் கண்ணாடியை உடைப்பதாவது! "ஊருக்குப் போய்க் கடிதம் எழுதுகிறோம்" என்று விடைபெற்றவர்கள் மூன்று வாரமாகியும் எழுதவில்லை. "என் மகன் எந்தக் கண்ணாடியை உடைக்கிறான்? அதைச் சனிக்கிழமை நள்ளிரவில்தான் உடைக்க வேண்டுமா? தாங்கள் விளக்கினால் அந்த இதழையே அவர்களுக்கு அனுப்பி வைப்பேன்" என்று அம்மையார் கேட்டிருந்தார்.

நம் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. ரயில்வே அலுவலகத்தில் பில்லும் பேரேடும் பார்ப்பது நம் தொழில். ஆகவே நாமாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ளாமல், அம்மையாரின் இல்லத்துக்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்று, அத்தம்பியிடம் கேட்டு அறிந்தோம். பொறுமையுள்ள பிள்ளை. நாம் ஒன்றையே மூன்று முறை கேட்டபோதும் சலித்துக்கொள்ளவில்லை.

தம்பியின் பொறுப்பில் இருப்பவை யூனிக்ஸ் என்னும் அமைப்பில் இயங்கும் சர்வர்கள். யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பெற்றது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பல ஆண்டுகளாக அதை நம்பியே கணக்கு வைத்து வந்துள்ளன. அவ்வமைப்பின் ஒரு கிளை சொலாரிஸ் என்பது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வளர்த்தது. 2010இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. தம்பி பார்க்கும் சர்வர்கள் பிரிட்டனில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்தினுடையவை. பொறி அங்கே இருக்கிறது. அதன் கண்காணிப்பு அல்சூர் ஏரிக்கு மூன்று மைல் தொலைவில் நடைபெறுகிறது. நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் இன்று இத்தகைய வேலையில்தான் இருக்கிறார்கள். "கம்ப்யூட்டர் வேலை" என்று நாம் சொல்லிவிட்டு அப்பால் கேட்பதில்லை.

இனிக் கண்ணாடிக்கு வருவோம். சர்வரின் உயிர்ப்பான மென்பொருள் முழுவதும் ஹார்டு டிஸ்க் எனப்படும் வட்டில் உள்ளது. வட்டு சுழலும் பொருள். என்றாவது ஒருநாள் கெடும். ஆதலால் ஒன்றுக்கு இரண்டாக வட்டுகளை வைத்து, ஒன்றில் எழுதப்படுவதனைத்தும் அக்கணமே மற்றொன்றிலும் எழுதப்படும்படி செய்கின்றனர். இதற்குத்தான் மிரர் என்று பெயர். ஒரு வட்டு கெட்டுவிட்டால் மற்றது தனியே வேலையைத் தொடரும். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

இதைக் கேட்டதும் நாம், "அப்படியானால் எதற்கும் அஞ்ச வேண்டியதில்லையே, இரண்டு இருக்கின்றனவே!" என்றோம். தம்பி சிரித்தார். "அண்ணா, உங்கள் அலுவலகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதியதுண்டா?" என்று கேட்டார். உண்டு, ஒரு காலத்தில் விரல் நுனியெல்லாம் நீலமாகும்வரை எழுதியிருக்கிறோம். "மேல் தாளில் ஆயிரத்து ஐந்நூறு என்பதற்குப் பதினையாயிரம் என்று எழுதிவிட்டால் கீழ்த் தாள் உங்களைக் காப்பாற்றுமா?" என்றார்.

காப்பாற்றாது. கீழ்த் தாளிலும் பதினையாயிரமே இருக்கும். மேல் தாள் தீப்பிடித்தால் கீழ்த் தாள் உதவும். எழுதுகிறவன் தவறினால் உதவாது. மிரரும் அவ்வாறே. வட்டு கெட்டால் அது காக்கும். கெட்ட மென்பொருளை ஒரு வட்டில் ஏற்றினால், அடுத்த நொடியில் மற்றொன்றிலும் அதே கேட்டைச் சிறிதும் பிழையின்றிப் படி எடுத்து வைத்துவிடும்.

சர்வர் மென்பொருளில் காலந்தோறும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைக்க நிறுவனத்தார் வெளியிடும் ஒட்டுப் போன்ற திருத்தமே பாட்ச் எனப்படுவது. போடாமல் இருந்தால் திருடர் நுழைவர். போட்டால், சில வேளைகளில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொறி எழுந்திருக்காமலே போகும். ஆகவே பாட்ச் போடுவதற்கு முன்னர் மிரரைப் பிரித்துவிடுகிறார்கள். அதாவது, பேனாவைத் தாளில் வைப்பதற்கு முன்பே கீழ்த் தாளை உருவி மேசைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஒரு வட்டு பழைய நிலையிலேயே நிற்கும். மற்றதில் பாட்ச் போடப்படும். நன்றாக அமைந்தால் சில நாட்களுக்குப் பின் இரண்டையும் சேர்ப்பார்கள். அமையாவிட்டால் பழைய வட்டிலிருந்து பொறியை எழுப்பிக்கொள்வார்கள். அம்மையாரே, தங்கள் மகன் உடைக்கும் கண்ணாடி இதுதான். ஒரு சில்லுகூடத் தரையில் விழாது.

இவ்வளவுதானா, இதற்கா ஓர் இரவு முழுவதும் என்று வாசகர் கேட்கலாம். நாமும் கேட்டோம். அதற்குத் தம்பி சொன்ன விடையே நம்மை இப்பகுதி முழுவதையும் இதற்கென ஒதுக்கச் செய்தது.

முதலாவதாக, பிரிப்பதற்கு முன்பு இரு வட்டுகளும் நலமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மெட்டாஸ்டாட் என்னும் ஆணை கொடுத்தால் ஒவ்வொரு பாதியின் நிலையும் தெரியும். ஒரு பாதி பல மாதங்களாகப் பழுதுற்று, எவரும் கவனியாமல் கிடந்திருக்கலாம். அதையறியாமல் அந்தப் பாதியையே "பத்திரமான பழைய பிரதி" என்று ஒதுக்கி வைப்பவர் பலர் என்கிறார் தம்பி. இதற்கும் முன்னதாக டேப்பிலோ வேறிடத்திலோ முழுப் பிரதி ஒன்று எடுத்திருக்க வேண்டும். மிரர் அதற்கு ஈடாகாது.

அடுத்ததுதான் நுட்பமானது. மெட்டாடிடாச் என்னும் ஆணையால் பிரிக்கப்பட்ட பாதிக்குத் தான் பிரிக்கப்பட்டது தெரியாது! எந்தெந்தப் பகுதியை எங்கிருந்து எடுப்பது என்னும் குறிப்பு அவ்வட்டுக்குள்ளேயே, விஎப்எஸ்டாப் என்னும் கோப்பில் எழுதப்பட்டுள்ளது. அக்குறிப்பில் "மிரரிலிருந்து எடு" என்றே இருக்கும். இன்னொரு கோப்பிலும் அவ்வாறே ஒரு வரி உண்டு. இவற்றைத் திருத்தாமல் பழைய வட்டிலிருந்து பொறியை எழுப்பினால், அது எழுந்த மாத்திரத்தில் பழைய நினைவில் மிரரைத் தேடிச் சென்று, பாட்ச் போட்ட பாதியையே பிடித்துக்கொள்ளும். பிறந்தகத்துக்கு வந்தும் புக்ககத்து முகவரியையே சொல்லும் புதுப்பெண்ணைப் போல என்று அம்மையார் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். நாம் மறுக்கவில்லை. ஆகவே ஒதுக்கிய வட்டில் அவ்விரு கோப்புகளையும் திறந்து, "இனி நீ தனி, உன் பகுதிகளை உன்னிடமிருந்தே எடுத்துக்கொள்" என்று மாற்றி எழுத வேண்டும்.

மேலும், பொறி விழித்தெழும்போது முதன்முதல் படிக்கும் சிறு பகுதியொன்று வட்டின் தலைப்பில் உண்டு. அதைப் பூட் பிளாக் என்கின்றனர். மிரர் அமைத்தவர் இரண்டாவது வட்டில் அதை எழுத மறந்திருந்தால், மற்ற யாவும் இருந்தும் அவ்வட்டு பொறியை எழுப்பாது. எத்தனையோ ஆண்டுகள் இது வெளியில் தெரியாமலே இருக்கும். முதல் வட்டு போகும் அன்றுதான் தெரியும்.

இவற்றையெல்லாம் செய்தபின், பாட்ச் போடும் முன்னரே, ஒதுக்கிய வட்டிலிருந்து பொறியை ஒருமுறை எழுப்பிப் பார்க்க வேண்டும். "இதைத்தான் அண்ணா, எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் வீண் என்பார்கள்" என்றார் தம்பி. சன் பொறிகளில், எழுவதற்கு முன் "ஓகே" என்று ஒரு சொல் மட்டும் திரையில் காட்டி ஆணைக்குக் காத்திருக்கும் நிலை ஒன்று உண்டு. அங்கே இரண்டாம் வட்டின் பெயரைச் சொல்லி எழுப்பி, அது ஒழுங்காக எழுந்து நின்றதைக் கண்ணால் கண்டபின், மீண்டும் முதல் வட்டுக்கு வந்து, வேறு எவரும் உள்ளே வராத ஒற்றையாள் நிலையில் பொறியை நிறுத்தி, பாட்சுடன் வரும் குறிப்பை முழுவதும் படித்து, பிறகே ஆணை கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரின் வேலைகளை அந்நேரத்தில் நிறுத்தி வைப்பதற்கும் காரணம் உண்டு. பிரித்த கணத்துக்குப் பிறகு முதல் வட்டில் எழுதப்படுவது எதுவும் ஒதுக்கிய வட்டில் இராது. நாளைக்குத் திரும்ப நேர்ந்தால் அது அத்தனையும் இழப்பே.

சிலர் ஆணை கொடுத்துப் பிரிப்பதற்குப் பதிலாக வட்டையே உருவி எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதுண்டாம். அதிலும் ஒரு வில்லங்கம். மிரரின் அமைப்பைப் பற்றிய பதிவேட்டின் பிரதிகளை இரு வட்டுகளிலும் வைத்திருப்பார்கள். பொறி எழும்போது அப்பிரதிகளுள் பாதிக்கு மேல் கண்ணில் பட வேண்டும் என்பது சொலாரிஸின் விதி. சரிபாதி இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் பொறி ஓடும். நின்ற பொறி முழுமையாக எழாது. இரண்டில் ஒன்றை உருவிவிட்டால் சரிபாதிதானே மிஞ்சும்? பஞ்சாயத்தில் பெரும்பான்மை இல்லாமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடிக்கும் நாட்டாண்மைபோலப் பொறி நின்றுவிடும். இல்லாத பிரதிகளைப் பதிவிலிருந்து நீக்கினால்தான் மேலே செல்லும். நள்ளிரவில் இவ்விதியை அறியாதவன் வியர்த்துப் போவான்.

இனி, தம்பி சற்றுத் தயங்கிச் சொன்ன ஒரு செய்தி. எழுதலாம் என்று அவரே இசைவளித்தார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது, ஓர் இரவு பாட்ச் சரியாக அமையவில்லை. பழைய வட்டிலிருந்து பொறியை எழுப்பினார், எழுந்துவிட்டது. மணி நான்கு. கண் சொருகிக்கொண்டு வந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று மெட்டாடாச் என்னும் சேர்க்கும் ஆணையைக் கொடுத்தார். சேர்க்கும்போது எது எதன்மேல் படியும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மிரரில் ஏற்கெனவே இருக்கும் பாதி மூலமாகும். புதிதாகச் சேர்க்கப்படுவதன் மேல் மூலம் படிந்து, அதிலிருந்ததை அழித்துவிடும். அன்று மிரரில் இருந்தது கெட்ட பாதி. அவர் சேர்த்தது நல்ல பாதி. திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டே போயிற்று. பதினெட்டு என்று காட்டியபோதுதான் தாம் செய்தது இன்னதென்று அவருக்கு விளங்கிற்று. ஆனால் அப்போதே வேலை முடிந்துவிட்டது. பதினெட்டு விழுக்காடு அழிந்த வட்டு எதற்கும் ஆகாது.

பழைய பாதியை முதலில் வைத்து மிரரைப் புதிதாகக் கட்டி, அதன்பின் கெட்ட பாதியைச் சேர்த்திருக்க வேண்டும். முறை தெரியாமல் இல்லை. நான்கு மணிக்கு நினைவுக்கு வரவில்லை. டேப்பிலிருந்து மீட்டெடுக்க மறுநாள் மாலை ஆயிற்று. வெள்ளிக்கிழமை இரவு டேப் ஒன்று எடுத்து வைத்திருந்த, பெயர்கூடச் சரியாக நினைவில்லாத ஒரு கேரளத்து நண்பர்தாம் தம்முடைய வேலையைக் காப்பாற்றியவர் என்று தம்பி சொன்னார். அன்று தொடங்கி ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் செய்தபின் பேனாவால் அடித்துக்கொண்டே வருகிறார். இரவு இரண்டு மணிக்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை என்பதும் அத்தாளில் முதல் வரியாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டோம். அம்மையாருக்கு இந்நிகழ்ச்சி அதுவரை தெரியாது. அன்று மகன் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்திருந்தானாம்.

இப்பிள்ளைக்கு நேர்ந்தது பேரமைப்புகளுக்கும் நேர்ந்துள்ளது. 2012 ஜூன் மாதத்தில், பிரிட்டனின் ராயல் பேங்க் ஆப் ஸ்காட்லாந்து குழுமத்தில், இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தனர். கோளாறு தென்பட்டது. உடனே பழையதற்குத் திரும்பினர். திரும்பினால் என்ன ஆகும் என்பதை முன்னதாகச் சோதித்துப் பார்க்கவில்லை. புதியது பழையதோடு ஒத்துப்போகவில்லை. விளைவு, 65 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகள் குழம்பின. சம்பளம் வரவில்லை, கடன் தவணை கட்ட முடியவில்லை. அக்குழுமத்தைச் சேர்ந்த அல்ஸ்டர் வங்கியில் தொல்லை ஜூலை மாதம்வரை நீடித்தது. 2014 நவம்பரில் மேற்பார்வை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 5.6 கோடி பவுன் அபராதம் விதித்தன. அது யூனிக்ஸ் அன்று. பெரும்பொறி வகையைச் சேர்ந்தது. ஆயினும் திரும்பும் வழியை நடந்து பாராமை என்னும் குறை ஒன்றே.

இரட்டையாக வைத்திருந்தும் ஏமாந்த கதை டோக்கியோ பங்குச் சந்தையினுடையது. 2020 அக்டோபர் 1ஆம் நாள் அங்கே நாள் முழுவதும் வணிகமே நடக்கவில்லை. ஒன்று பழுதானால் மற்றொன்று தானே ஏற்றுக்கொள்ளும்படி இரண்டு சேமிப்புப் பொறிகள் இருந்தன. ஒன்றின் நினைவகப் பகுதி பழுதாயிற்று. மற்றொன்று ஏற்றுக்கொள்ளவில்லை. தானே மாறுவதற்குரிய அமைப்புக் குறி சரியாக வைக்கப்படவில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. அச்சந்தையின் தலைவர் அவ்வாண்டு நவம்பரில் பதவி விலகினார். முன்கூட்டியே ஒருநாள் முதற் பொறியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்திருந்தால், அக்குறியின் தவறு அன்றே தெரிந்திருக்கும். தம்பி அந்த அரை மணி நேரத்தை விடாப்பிடியாகக் கேட்பதன் பொருள் நமக்கு இங்கே விளங்கிற்று.

நம் ரயில்வேயில் உள்ளவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இருவழிப் பாதையில் ஒன்றைப் பழுது பார்க்க வேண்டுமானால் பிளாக் எடுக்கிறோம். மற்றப் பாதையில் இரு திசை வண்டிகளையும், தற்காலிக ஒற்றைவழி முறையில், ஒன்றன்பின் ஒன்றாக விடுகிறோம். இரு நிலையத்தாரும் எண்களைப் பரிமாறிக் குறித்துக்கொண்ட பிறகே வண்டி நகரும். வேலை முடிந்துவிட்டது என்று கேங்மேன் வாயால் சொல்வது போதாது. பாதை தகுதியானது என்று பொறுப்பாளர் எழுத்தில் தர வேண்டும். தந்த பின்னரும் முதலில் செல்லும் வண்டிகளுக்கு காஷன் ஆர்டர் கொடுத்து மெல்லவே விடுகிறோம். தம்பி சனிக்கிழமை பிரித்துப் புதன்கிழமை சேர்ப்பதும் இந்தக் காஷன் ஆர்டரே. ஞாயிறு ஓய்வு; திங்கட்கிழமை காப்பீட்டு அலுவலகத்தின் முழுப் பளுவும் பொறியின்மேல் ஏறும்; செவ்வாயும் நன்றாகக் கழிந்தால் சேர்க்கலாம். அதற்குமேல் தாமதிப்பதும் நன்றன்று. அந்த நாட்களில் பொறி ஒற்றை வட்டில் ஓடுகிறது; அது கெட்டால் பாட்ச் இல்லாத பழைய வட்டுத்தான் துணை. மூன்று நாள் போதுமா, ஏழு நாள் வேண்டுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. நமக்கு மூன்றே சரியென்று படுகிறது. பிளாக்கை நீட்டிக்கொண்டே போன இடங்களில் நாம் நல்லதைக் கண்டதில்லை.

பதினொன்றரை மணிக்கும் காரணம் கேட்டோம். இங்கே இரவு பதினொன்றரை என்றால் பிரிட்டனில் கோடைக்காலத்தில் மாலை ஏழு, குளிர்காலத்தில் ஆறு. சனிக்கிழமை ஆதலால் அங்கே அலுவலகம் பூட்டிக் கிடக்கும். அவர்களுடைய ஓய்வு நாள் நம் பிள்ளைகளுக்கு வேலை இரவு. இந்நகரத்தின் எத்தனையோ வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிவரை ஓர் அறையின் கதவு சாத்தியே இருப்பதன் காரணம் இதுவே. பூரி ஆறிவிடுகிறது என்று கதவைத் தட்ட வேண்டாம்.

மிரரை உடைக்காமலே இதைச் செய்யும் வழிகளும் வந்துள்ளன என்பதைச் சொல்லாமல் விட்டால் தம்பி வருந்துவார். 2011 நவம்பரில் வெளியான சொலாரிஸ் 11இல், ஓடும் அமைப்பின் பிரதியொன்றை அதே வட்டுகளிலேயே உண்டாக்கி, பாட்சை அப்பிரதியில் போட்டு, அடுத்த முறை எழும்போது அதிலிருந்து எழும்படி செய்யலாம். பிடிக்காவிட்டால் ஓர் ஆணையில் பழையதற்குத் திரும்பலாம். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ். என்னும் யூனிக்ஸிலும் வேறொரு வட்டில் பிரதி எடுத்து அதனைத் திருத்தும் முறை உண்டு. தம்பியின் பொறுப்பிலுள்ள சர்வர்களுள் சில மட்டும் பழைய முறையில் இருக்கின்றன. அவற்றை மாற்றப் பணம் ஒதுக்குவதாக வாடிக்கையாளர் ஆண்டுதோறும் சொல்லி வருகிறாராம். அலுவலகம் என்றால் எங்கும் அலுவலகந்தான்.

இவ்வளவையும் எழுதி, அம்மையாருக்குப் படித்துக் காட்டினோம். அவர் கார்பன் தாள் வரையில் நன்கு விளங்கிற்று என்றார். பெண்ணின் தாய்மாமன் ஆம்பூரில் தோல் மண்டி ஒன்றில் கணக்குப் பிள்ளையாக இருக்கிறாராம். ஆகையால் அவருக்கும் அதுவரை விளங்கும். இவ்விதழ் அச்சாகி வருவதற்குள் நாமே அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினோம். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் நல்ல பிரதியை முதலில் எடுத்து வைக்கிற பிள்ளை என்று சொல்லுங்கள்" என்றார். மறுபடியும் வருகிறார்களாம். அடுத்த சனிக்கிழமை மாலை வரலாமா என்று கேட்டார்கள். அன்றிரவு தம்பிக்கு நான்கு சர்வர்கள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் வரும்படி அம்மையார் சொல்லியிருக்கிறார்.